சீனத் தலைவர்கள் பேசும் 'வரலாற்றுச் சுழற்சி': கன்ஃபூசியச் சிந்தனையில் அதன் வேர்

2022 அக்டோபரில் பெய்ஜிங்கில் நடந்த சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் 20-வது மாநாட்டில் ஷி ஜின்பிங் ஓர் அறிக்கை வாசித்தார். எழுச்சியும் வீழ்ச்சியும் மாறி மாறி வரும் வரலாற்றுச் சுழற்சியிலிருந்து தப்பிக்கும் வழிக்குக் கட்சி இரண்டாவது விடையைக் கண்டுபிடித்துவிட்டது, அதன் பெயர் 'சுயப் புரட்சி' என்று அதில் இருந்தது. முந்தைய ஆண்டு நவம்பரில் கூடிய மத்தியக் குழுவிலும் இதே பேச்சுதான்.

இது என்ன சுழற்சி? இரண்டாவது விடை என்றால் முதல் விடை எது? வரலாறு முன்னோக்கியே நகரும் என்று சொல்லும் மார்க்சியக் கட்சிக்கு, வம்சங்கள் எழுந்து விழுந்த பழைய கதை எதற்கு? இந்தக் கேள்விகளுக்கு விடை தேட மூவாயிரம் ஆண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது. அதற்கு முன் 1945-க்குப் போய் வரலாம்.

முதல் விடை: யானான், 1945

1945 ஜூலை மாதத் தொடக்கம். ஹுவாங் யான்பெய் என்ற கல்வியாளர் வேறு ஐந்து பேரோடு வடமேற்குச் சீனத்தின் யானான் நகருக்குப் போனார். கம்யூனிஸ்டுகளின் தலைமையகம் அப்போது அங்கேதான் இருந்தது. அங்கே பார்த்ததைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று மாவோ சேதுங் கேட்டபோது, ஹுவாங் மனதில் பட்டதை மறைக்காமல் சொன்னார். தனி மனிதர், குடும்பம், அமைப்பு, நாடு எதுவானாலும் தொடக்கத்தில் எல்லோரும் உயிரைக் கொடுத்து உழைக்கிறார்கள். கஷ்டம் தீர்ந்ததும் மெல்லச் சோம்பல் தலைகாட்டுகிறது. சோம்பல் பழக்கமாகிறது, பிறகு யாராலும் அதைத் திருத்த முடிவதில்லை. தன் அறுபது சொச்ச ஆண்டு வாழ்வில் இந்தச் சுழற்சியிலிருந்து வெளியே வந்தவர்களை அவர் பார்த்ததில்லை. நீங்களாவது வருவீர்களா என்பதுதான் அவர் கேட்காமல் கேட்ட கேள்வி.

புதிய பாதை கிடைத்துவிட்டது, அதுதான் ஜனநாயகம் என்றார் மாவோ. மக்கள் கண்காணித்தால்தான் அரசு சோம்பாது, எல்லோரும் பொறுப்பேற்றால்தான் ஒருவர் போனதும் ஆட்சி சரியாது என்று விளக்கினார். கட்சி இன்றும் 'முதல் விடை' என்று குறிப்பிடுவது இதைத்தான்.

அடிப்படை: வானத்தின் ஆணை

கி.மு. 1046 வாக்கில் சௌ என்ற மேற்குப் பகுதி அரசு, தன்னைவிடப் பெரிய ஷாங் அரசைப் போரில் வீழ்த்தியது. வென்றாயிற்று, சரி. ஆனால் ஷாங் மன்னர்கள் பல நூறு ஆண்டு ஆண்டவர்கள், வானுலகத் தொடர்பு தங்களுக்கு உண்டு என்று சொல்லி வந்தவர்கள். அவர்களை வீழ்த்தியது கலகமா, நியாயமா?

சௌ ஆட்சியாளர்கள் சொன்ன நியாயம் இது. ஆளும் உரிமையை வானம் தருகிறது. வானம் என்பது இங்கே தலைக்கு மேல் தெரியும் ஆகாயமல்ல, இயற்கையையும் அறத்தையும் சேர்த்து இயக்கும் மேலான ஒழுங்கு. அந்த உரிமையின் பெயர் தியன்மிங், வானத்தின் ஆணை. ஆணை பெற்றவன் குடிகளை வதைத்தால் அது அவனிடமிருந்து போய்விடும், தகுதியுள்ள வேறொருவனிடம் சேரும். ஷாங்கின் கடைசி மன்னன் கொடுங்கோலன் ஆனதால் அவன் கையிலிருந்து நழுவி எங்களிடம் வந்தது என்றார்கள்.

இந்த வாதம் சொன்னவர்களையே கட்டிப்போட்டதுதான் இதில் முக்கியம். 'வானத்தின் ஆணை நிலையானதல்ல' என்ற வரி சௌ காலத்துப் பாடல் தொகுப்பிலேயே இருக்கிறது. வெற்றி பெற்றவன் தன் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்த எச்சரிக்கை அது.

நமக்குப் பழக்கமான யுகக் கணக்கோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. யுகங்களுக்குக் கால அளவு முன்பே தீர்மானமானது. மனிதர் என்ன செய்தாலும் கலியுகம் தன் நேரத்துக்கு வரும். வானத்தின் ஆணைக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. நல்லபடி நடந்துகொள்ளும் வம்சம் நீடிக்கும், கெட்டால் உடனே போகும்.

கன்ஃபூசியஸும் மென்சியஸும்

கன்ஃபூசியஸ் (கி.மு. 551–479) வாழ்ந்த காலத்தில் சௌ மன்னர் பெயரளவில்தான் மன்னர். சிற்றரசுகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்தன. பத்துத் தலைமுறைக்குப் பின் என்ன நடக்கும் என்று அறிய முடியுமா என்று சீடர் ஒருவர் அவரைக் கேட்டார். ஷாங் தனக்கு முந்தைய ஷியா வம்சத்தின் முறைகளை வாங்கிக்கொண்டு கூட்டியது, குறைத்தது. சௌ ஷாங்கின் முறைகளை வாங்கிக் கூட்டியது, குறைத்தது. ஆகவே நூறு தலைமுறைக்குப் பின் வருவதையும் அறியலாம் என்றார். வம்சம் மாறும், அடித்தளம் தொடரும், மேலே திருத்தங்கள் நடக்கும் என்பதுதான் அவர் பார்வை. இதில் சக்கரம் எதுவும் இல்லை.

சக்கரத்தை வெளிப்படையாகப் பேசியவர் அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிந்திய மென்சியஸ். உலகம் தோன்றி நெடுங்காலம் ஆயிற்று, ஒரு முறை ஒழுங்கு, ஒரு முறை குழப்பம் என்று மாறி வருகிறது என்றார். ஐந்நூறு ஆண்டுக்கு ஒரு முறை உண்மையான அரசர் தோன்றுவார் என்றும் சொன்னார். மேலோட்டமாகப் படித்தால் இது கால அட்டவணை போலத் தெரியும். அவர் தரும் உதாரணங்களைப் பார்த்தால்தான் உள்ளடக்கம் புரிகிறது. வெள்ளம் நாட்டை மூழ்கடித்தபோது யூ என்பவர் வாய்க்கால் வெட்டி நீரைக் கடலுக்கு விட்டார். கொடுங்கோலர்கள் வயல்களை வேட்டைக்காடாக்கியபோது சௌ கோமகன் அவர்களை விரட்டினார். மகன் தந்தையைக் கொல்லும் காலம் வந்தபோது கன்ஃபூசியஸ் வரலாற்றை எழுதினார். ஒவ்வொரு முறையும் ஒழுங்கு தானாகத் திரும்பவில்லை, யாரோ ஒருவர் இறங்கி வேலை செய்திருக்கிறார்.

சி நாட்டு மன்னர் தன் யோசனைகளை ஏற்காததால் மென்சியஸ் மனம் சோர்ந்து அந்த நாட்டை விட்டுக் கிளம்பியபோது சொன்னதும் கவனிக்கத்தக்கது. சௌ தொடங்கி எழுநூறு ஆண்டு கடந்துவிட்டது, எண்ணிக்கைப்படி பார்த்தால் நேரம் தாண்டிவிட்டது என்று அவரே ஒப்புக்கொண்டார். கணக்கு தவறியும் நம்பிக்கையை விடவில்லை. அவருக்கு ஐந்நூறு என்பது சோதிடமாக இல்லை, வேலை கிடைக்காத ஒரு சிந்தனையாளரின் ஊன்றுகோலாக இருந்தது என்றே நான் படிக்கிறேன்.

அவருடைய கூர்மையான வாதம் வேறொன்று. ஷாங்கின் கடைசி மன்னனைக் கொன்றது அரசக் கொலை ஆகாதா என்று கேட்கப்பட்டபோது, அறத்தை அழித்தவன் வெறும் தனி ஆள். ஓர் ஆள் தண்டிக்கப்பட்டதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், அரசன் கொல்லப்பட்டதாகக் கேள்விப்படவில்லை என்றார். மக்கள் பார்ப்பது போலவே வானம் பார்க்கிறது, மக்கள் கேட்பது போலவே வானம் கேட்கிறது என்ற பழைய வாசகத்தையும் எடுத்துக்காட்டினார். ஆணை யாரிடம் இருக்கிறது என்பதைக் குடிகளின் நிலைமையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று ஆகிவிட்டது.

பழியை யார் ஏற்பது?

'சுவோ உரை' என்ற பண்டைய வரலாற்று நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. கி.மு. 683-இல் சொங் நாட்டில் வெள்ளம். அண்டை நாடான லூ ஆறுதல் சொல்லத் தூதரை அனுப்பியது. என் பக்தியில் குறை இருந்ததால்தான் வானம் இந்தத் துன்பத்தை அனுப்பியது, உங்களுக்கும் கவலை தந்துவிட்டேன் என்று சொங் தரப்பிலிருந்து பதில் வந்தது. அதைக் கேட்ட லூ நாட்டு அமைச்சர் ஒருவர், சொங் எழுச்சி பெறும் என்றார். வெள்ளத்தை வடித்த யூ, ஷாங் வம்சத்தை நிறுவிய தாங் என்ற மன்னர், இருவரும் பழியைத் தம்மேல் போட்டுக்கொண்டார்கள், அவர்கள் எழுச்சி வேகமாக இருந்தது. கொடுங்கோலர்கள் பிறர்மேல் போட்டார்கள், அவர்கள் வீழ்ச்சி திடீரென வந்தது.

1945-இல் ஹுவாங் யான்பெய் மாவோவிடம் எழுச்சி, வீழ்ச்சி பற்றிச் சொன்ன சொற்கள் இந்த வாசகத்திலிருந்து எடுத்தவை. மூலத்தில் இருக்கும் முதல் பாதியைச் சேர்த்துப் படித்தால்தான் பொருள் முழுமையாகும். தவறு என்னுடையது என்று சொல்லத் தெரிந்தவன் எழுகிறான் என்பதுதான் அது. பின்னாளில் பஞ்சம், வெள்ளம், தோல்வி நேரும்போது பேரரசர் தன்னைக் குறை சொல்லி ஆணை வெளியிடும் வழக்கம் உருவானதும் இந்த மண்ணிலிருந்துதான்.

மூன்று வேறு சக்கரங்கள்

'சீனர்களின் சுழற்சிப் பார்வை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும்போது குறைந்தது மூன்று வெவ்வேறு கொள்கைகள் ஒன்றாகக் கலக்கின்றன.

1. ஐந்து தனிமங்களின் சக்கரம். கி.மு. 3-ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் சோவ் யான் பெயரில் வழங்குவது. மண்ணை மரம் வெல்லும், மரத்தை உலோகம் வெட்டும், உலோகத்தை நெருப்பு உருக்கும், நெருப்பை நீர் அணைக்கும். ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு தனிமம். கி.மு. 221-இல் சீனத்தை ஒன்றாக்கிய முதல் பேரரசர் இதை அப்படியே எடுத்துக்கொண்டார். சௌ நெருப்பு, ஆகவே தன் சின் வம்சம் நீர் என்று அறிவித்தார். நீருக்குக் கறுப்பு நிறம், ஆறு என்ற எண். ஆடையும் கொடியும் கறுப்பாயின, அவர் தேருக்கு ஆறு குதிரைகள் பூட்டப்பட்டன. இவ்வளவு செய்தும் அந்த வம்சம் பதினைந்து ஆண்டில் முடிந்தது.

2. குணங்களின் சக்கரம். ஹான் காலத்து வரலாற்றாசிரியர் சிமா சியன் சொன்னது. ஷியா ஆட்சி நேர்மையால் நடந்தது, அது கெட்டு முரட்டுத்தனமானது. அதைத் திருத்த ஷாங் பக்தியைக் கொண்டுவந்தது, அது கெட்டு மூடநம்பிக்கையானது. அதைத் திருத்த சௌ நாகரிகத்தைக் கொண்டுவந்தது, அதுவும் கெட்டு வெறும் வேடமானது. வேடத்துக்கு மருந்து மறுபடி நேர்மைதான். ஒவ்வொரு நற்குணமும் தன் மிகையாலேயே அழுகுகிறது என்ற இந்தப் பார்வைதான் மூன்றிலும் ஆழமானது.

3. பேரண்டச் சக்கரம். 11-ஆம் நூற்றாண்டில் ஷாவ் யோங் போட்ட கணக்கு. 1,29,600 ஆண்டு ஒரு முழுச் சுற்று. யுகத்துக்கு நெருங்கி வருவது இது ஒன்றுதான், அதுவும் மைய நீரோட்டத்துக்கு வெளியே.

கன்ஃபூசியர்கள் எல்லோரும் இவற்றை நம்பியதாகவும் நினைக்க வேண்டாம். வானத்தின் போக்கு நல்ல அரசனுக்காக இருப்பதுமில்லை, கெட்டவனால் அழிவதுமில்லை என்று கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக் கன்ஃபூசியச் சிந்தனையாளர் ஷுன்சி அடித்துச் சொன்னார். மழை வேண்டிச் சடங்கு செய்தால் மழை பெய்கிறதே என்று கேட்டால், சடங்கு செய்யாமலும் பெய்கிறதே என்பது அவர் பதில். 11-ஆம் நூற்றாண்டுச் சொங் வம்ச அறிஞர் ஒயாங் ஷியூ (வெள்ளம் வந்த பழைய சொங் நாடு வேறு) தனிமச் சக்கரத்தையே நிராகரித்தார். எந்த வம்சம் நியாயமானது என்பதை அது நாட்டை நேர்மையாக ஒன்றுபடுத்தியதா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது அவர் நிலை.

ஒரு சுற்றை அருகில் பார்த்தால்: மிங், 1368–1644

1344-இல் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்து பெற்றோரையும் மூத்த அண்ணனையும் இழந்த ஓர் ஏழை விவசாயியின் மகன் ஜு யுவான்சாங். மடத்தில் சேர்ந்து பிச்சை எடுத்தவர், கலகப் படையில் சேர்ந்து 1368-இல் மிங் வம்சத்தை நிறுவினார். வறுமை தெரிந்தவர் என்பதால் கணக்கில் கண்டிப்பு. 1381-இல் நாடு முழுக்கக் குடும்பங்களையும் நிலத்தையும் பதிந்து 'மஞ்சள் பதிவேடு' உருவானது. பத்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பிரதிகள் நான்ஜிங் ஏரித் தீவுகளில், தீப்பிடிக்காத இடத்தில், பாதுகாக்கப்பட்டன.

இங்கிருந்து வீழ்ச்சிவரை போன பாதையைப் படிப்படியாகச் சொல்லலாம்.

1. பதிவேடு உறைந்தது. நிலம் கைமாறியது, மக்கள் பெருகினார்கள், ஏட்டில் பழைய கணக்கே திரும்பத் திரும்ப எழுதப்பட்டது.

2. வரி தப்பும் வாசல் திறந்தது. தேர்வில் தேறிய கல்விமான்களுக்கும் அதிகாரிகளுக்கும், அரசுக்குக் கூலியில்லாமல் உழைக்கும் ஊழியக் கடமையில் விலக்கு உண்டு. சிறு விவசாயிகள் சுமை தாங்காமல் தங்கள் நிலத்தை அவர்கள் பெயரில் எழுதிக்கொடுத்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் தலையில் சுமை இன்னும் ஏறியது.

3. அரச குடும்பம் பெருத்தது. நிறுவனர் தன் வழித்தோன்றல் அனைவருக்கும் தானியப் படி ஏற்பாடு செய்திருந்தார். 1562-இல் லின் ருன் என்ற கண்காணிப்பு அதிகாரி பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் உள்ள எண்களைப் பாருங்கள். தலைநகருக்கு ஆண்டுதோறும் போகும் தானியம் 40 லட்சம் டான் (டான் என்பது சீனத் தானிய அளவை). இளவரசர்களுக்குக் கொடுக்க வேண்டியது 85 லட்சத்து 30 ஆயிரம் டான். ஹெனான் மாகாணத்தில் கையிருப்பாக நிற்பது 8,43,000 டான், அங்குள்ள இளவரசர்களுக்குக் கொடுக்க வேண்டியது 19,20,000. எண்பது ஆண்டு முன்பே பேரழிவு கணக்கில் தெரிந்துவிட்டது.

4. சீர்திருத்தம் வந்தது, நிற்கவில்லை. தலைமை அமைச்சர் ஜாங் ஜுசெங் நிலத்தை மறுபடி அளந்தார், பல வரிகளை ஒன்றாக்கி வெள்ளியில் கட்டும் முறையை 1581-இல் நாடெங்கும் கொண்டுவந்தார். மறு ஆண்டு அவர் இறந்தார், அடுத்த இரண்டு ஆண்டுக்குள் குடும்பச் சொத்து பறிமுதல்.

5. வெளியிலிருந்து அடி விழுந்தது. 1618-இல் வடகிழக்கில் மஞ்சுக்கள் போர் தொடங்கினார்கள். போர்ச் செலவுக்கு நிலத்தின் மேல் கூடுதல் வரி போட்டார்கள், ஒருமுறை போட்டு நிறுத்தவில்லை.

6. மழை பொய்த்தது. யானான் பகுதியைச் சேர்ந்த அதிகாரி மா மாவோசாய் 1629-இல் தன் ஊர் நிலைமையை எழுதினார். ஓராண்டாக மழை இல்லை. மக்கள் முதலில் காட்டுப் புல்லைத் தின்றார்கள், அது தீர்ந்ததும் மரப்பட்டையை உரித்தார்கள், அதுவும் தீர்ந்ததும் மலையில் கல்லைத் தோண்டித் தின்று வயிறு உப்பிச் செத்தார்கள். ஹுவாங்கும் மாவோவும் பின்னாளில் பேசிய அதே யானான் வட்டாரம்.

செலவைக் குறைக்க அரசு அஞ்சல் நிலையங்களில் ஆட்குறைப்பு செய்தது. அப்படி வேலை போனவர்களில் ஒருவர் லி ஸிசெங். கலகத் தலைவரான அவர் 1644 ஏப்ரலில் பெய்ஜிங்கைப் பிடித்தார். கடைசி மிங் பேரரசர் சோங்சென் அரண்மனைக்குப் பின்னால் உள்ள குன்றில் தூக்கிட்டுக்கொண்டார். தன்னைக் குறை சொல்லும் ஆணைகளை அவரும் பலமுறை வெளியிட்டிருந்தார். வரி மட்டும் குறையவில்லை. லி ஸிசெங்கின் படை தலைநகரில் பணம் பறிப்பதில் இறங்கியது. ஆறு வாரத்தில் மஞ்சுப் படைக்கு அஞ்சி ஓடினார்கள். 1949 மார்ச்சில் பெய்ஜிங்குக்குப் புறப்பட்டபோது மாவோ தன் தோழர்களிடம், நாம் தேர்வு எழுதப் போகிறோம், லி ஸிசெங் ஆகிவிடக் கூடாது என்றது இதை நினைத்துத்தான்.

இந்த ஆறு படிகளில் மன்னரின் ஒழுக்கக் குறை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியுமா? முடியாது. மழையும் எல்லைப் போரும் அவர் கையில் இல்லை. ஆனால் 2, 3, 4 மூன்றும் மனிதர் செய்த தேர்வுகள். கன்ஃபூசியப் பார்வைக்கு இன்றும் உயிர் இருப்பது அந்த இடத்தில்தான்.

சுழற்சியை எழுதியவர்கள் யார்?

ஒரு வம்சத்தின் வரலாற்றை அடுத்த வம்சம் எழுதுவது சீன மரபு. தாங் பேரரசு 629-இல் இதற்குத் தனி அலுவலகமே அமைத்தது. மிங் வரலாற்றை 1739-இல் எழுதி முடித்தது அதை அடுத்து வந்த மஞ்சுக்களின் சிங் அரசு. வென்றவனுக்கு, முந்தியவன் ஆணையை இழந்தான் என்று காட்டியாக வேண்டும். முதல் மன்னன் உத்தமன், கடைசி மன்னன் மதுவிலும் மாதரிலும் மூழ்கியவன் என்ற வார்ப்பு திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் காரணம். சுழற்சியின் ஒரு பகுதி நடந்தது, ஒரு பகுதி எழுதப்பட்டது.

வம்சங்களுக்கு அடியில் நேர்கோட்டு மாற்றமும் நடந்துகொண்டிருந்தது. சொங் காலத்தில் காகிதப் பணம் வந்தது, மக்கள்தொகை 10 கோடியைத் தாண்டியது. சிங் காலத்தில் 19-ஆம் நூற்றாண்டு நடுவில் அது 40 கோடிக்கும் மேல். ஒவ்வொரு சுற்றும் வேறொரு நாட்டில் நடந்தது என்றுகூடச் சொல்லலாம். கன்ஃபூசிய மரபுக்குள்ளேயே நேர்கோட்டுச் சிந்தனை உண்டு. குழப்ப யுகம், நெருங்கும் அமைதி, பேரமைதி என்ற மூன்று படிகளை 2-ஆம் நூற்றாண்டில் ஹெ ஷியூ வகுத்தார். 19-ஆம் நூற்றாண்டு இறுதியில் காங் யோவெய் அதையே எடுத்து அரசியல் சீர்திருத்தத்துக்கு ஆதாரமாக்கினார்.

ஹுவாங் சோங்ஷியின் கேள்வி

மிங் வீழ்ந்ததைக் கண்ணால் பார்த்தவர் ஹுவாங் சோங்ஷி. (யானானுக்குப் போன ஹுவாங் வேறு.) அவருடைய தந்தை, அரண்மனை அலியதிகாரிகளை எதிர்த்ததற்காகச் சிறையில் இறந்தவர். மஞ்சுக்களை எதிர்த்துப் போராடித் தோற்ற பிறகு 1663-இல் முடித்த நூலின் முன்னுரையில் மென்சியஸையே கேள்வி கேட்டார்: ஒரு முறை ஒழுங்கு, ஒரு முறை குழப்பம் என்றீர்களே, மூன்று பண்டைய வம்சங்களுக்குப் பிறகு குழப்பம் மட்டும்தானே இருக்கிறது, ஒழுங்கு எங்கே?

அவர் கண்ட விடை, மன்னரின் குணத்தில் இல்லை, அமைப்பில் இருந்தது. முன்பு மக்கள் வீட்டுக்காரர், மன்னர் விருந்தாளி, இப்போது தலைகீழ். வரியைப் பற்றி அவர் கவனித்தது இன்றும் பேசப்படுகிறது. சீர்திருத்தம் என்ற பெயரில் பழைய கூடுதல் வசூல்களை முதன்மை வரியோடு சேர்ப்பார்கள், கொஞ்ச நாளில் அதே வசூல்கள் புதுப் பெயரில் திரும்ப வரும், சுமை முன்பைவிட அதிகமாகும். வரலாற்றாசிரியர் சின் ஹுய் இதற்கு 'ஹுவாங் சோங்ஷி விதி' என்று பெயர் வைத்தார். 2006 ஜனவரி 1-இல் சீனா விவசாய வரியையே நீக்கியபோது அந்தப் பழைய எச்சரிக்கையும் பின்னணியில் இருந்தது.

அவர் முன்வைத்த பரிகாரம் துணிச்சலானது. சரி எது, தவறு எது என்பதை மன்னர் மட்டும் முடிவு செய்யக் கூடாது, கல்விக்கூடங்கள் முடிவு செய்ய வேண்டும். மாதத்தின் முதல் நாள் பேரரசரே தலைநகரக் கல்விக்கழகத்துக்குப் போய் மாணவர் வரிசையில் உட்கார வேண்டும். ஆட்சியில் குறை இருந்தால் கழகத் தலைவர் அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். மென்சியஸிடம் கலகத்தைத் தவிர வேறு திருத்தும் வழி இல்லாமல் இருந்த இடத்தில், இவர் ஒரு நிரந்தர ஏற்பாட்டை வைக்கப் பார்த்தார். அவர் காலத்தில் அது நடக்கவில்லை.

இரண்டாவது விடையில் மாறியது என்ன?

முதல் விடையைச் சொன்னவர்கள் அதை எப்படி நடைமுறைப்படுத்தினார்கள் என்பதற்கு ஹுவாங் யான்பெய் குடும்பத்திலேயே சான்று உண்டு. 1949-இல் அவர் துணைப் பிரதமரானார். அவர் மகன் ஹுவாங் வான்லி நீரியல் அறிஞர். மஞ்சள் ஆற்றில் சான்மென்ஷியா அணை கட்டினால் வண்டல் சேர்ந்து மேல்பகுதி பாழாகும் என்று எச்சரித்தார். 1957-இல் 'வலதுசாரி' முத்திரை குத்தப்பட்டார். 1960-இல் அணையில் நீர் தேக்கினார்கள். சில ஆண்டுகளிலேயே வண்டல் நிரம்பியது, அணையை மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று. மக்கள் கண்காணிப்பது என்பது நடைமுறையில் இவ்வளவுதான் இருந்தது.

இப்போதைய 'சுயப் புரட்சி' என்பது கட்சி தன்னைத் தானே திருத்திக்கொள்வது: ஒழுங்காய்வுக் குழு, ஊழல் வழக்குகள், உட்கட்சிக் கண்காணிப்பு. 2012-க்குப் பிறகு மிகப் பெரிய பதவியில் இருந்தவர்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள், ஆகவே வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. முதல் விடை கைவிடப்படவில்லை, இரண்டும் சேர்ந்தே செல்லும் என்பது கட்சியின் நிலை.

ஆனால் பழைய சிந்தனையின் கண்ணாடி வழியே பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. வெள்ளத்துக்குப் பழியைத் தன்மேல் ஏற்ற சொங் நாட்டின் மரபு இதில் தொடர்கிறது. மக்களின் கண் வழியே பார்க்கும் வானம் என்ற மென்சியஸின் வாதமும், ஆள்பவரை மாணவர் வரிசையில் உட்காரவைக்கும் ஹுவாங் சோங்ஷியின் ஏற்பாடும் இதில் இல்லை. அவை இரண்டும் கண்காணிக்கும் கண்ணை ஆட்சிக்கு வெளியே வைத்தவை. சுயப் புரட்சியில் குற்றம் சாட்டுவதும் விசாரிப்பதும் தீர்ப்பு சொல்வதும் ஒரே கட்சி. அதன் உச்சியில் இருப்பவருக்கு, குடியரசுத் தலைவர் பதவிக்கு இருந்த இரண்டு பதவிக்கால வரம்பும் 2018-இல் நீக்கப்பட்டுவிட்டது. 1562-இல் லின் ருன் தந்த கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதைக் கேட்டு நடக்கும்படி அரண்மனையை நிர்ப்பந்திக்க அவர் கையில் எதுவும் இருக்கவில்லை. இன்று அந்த இடத்தில் இருக்கும் அதிகாரிக்கு அது இருக்கிறதா என்பதில்தான் இரண்டாவது விடையின் கதி அடங்கியிருக்கிறது.